பச்சைக் கம்பி

மார்ச் 3, திங்கள்

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஏழு வருடம் இருந்துவிட்டேன். இன்னும் ஏழு வருடமும் இருந்திருப்பேன். பயம்தான் எழுத வைக்கிறது.

நீ செய்து கொடுத்த அந்தக் கறுப்பு ஆம்ப்ளிஃபயர் முன்னறைச் சன்னலுக்குக் கீழே, அதே பலகை மேல்தான் இருக்கிறது. உன் அத்தான் போன பிறகு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. போன மாதம் என் மகள், அதான் உன் மருமகள், தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன். வந்தவள் சும்மா இருக்கிறாளா? முன்னறையில் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு நடத்தப் போகிறாளாம். ஏப்ரல் ஏழாம் தேதி ஆரம்பம். பதினாலு பிள்ளைகள் பெயர் கொடுத்தாயிற்று. பாட்டுப் போட வேறு பெட்டிக்கு வழியில்லை. "அதான் அப்பாவோடது சும்மா கெடக்கே" என்று விரிப்பை உருவிவிட்டாள்.

நேற்று காலை சுவிட்ச் போட்டாள். முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல், பிறகு பாட்டு வந்தது. பேத்தி, வாண்டு, ஆறு வயது, ஓடிப்போய்ப் பெட்டி மேல் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் உதறிக்கொண்டு கத்தினாள்.

"பாட்டி, பெட்டி கடிக்குது!"

அவள் அம்மா சிரிக்கிறாள். "லேசா ஷாக்கும்மா. பழைய பெட்டின்னா அப்படித்தான் இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

செருப்பு போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கடைத்தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மிக்ஸியை ரிப்பேருக்கு வாங்கிப்போய், வேறு எவளுடைய மிக்ஸியையோ கொண்டுவந்து கொடுத்தவன் அவன். உனக்குப் போன் பண்ணலாம் என்றால் காது போய்விட்டதாமே. ஆயுசு முழுக்க ஸ்பீக்கர் வாயில் காதைக் கொண்டுபோய் வைத்தாய், வேறென்ன ஆகும்.

பெட்டி ஏன் கடிக்கிறது? அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 8, சனி

அக்காவுக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டுத் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அங்கேயேதான் இருந்தது.

பெட்டியை யாரும் தொட வேண்டாம். பிளக் வெளியிலேயே இருக்கட்டும். வாண்டு அன்றைக்குக் காலில் ஏதாவது போட்டிருந்தாளா என்று எழுது.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். பிளக் சுவரில் மாட்டாமல் இருக்கிறவரை பயப்பட ஒன்றும் கிடையாது. அதன் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் பிளக் இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கம்பிகள் மூன்று பின்னிலும் மாட்டியிருக்க வேண்டும். எத்தனை மாட்டியிருக்கிறது என்று பார். எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. என் மனசுக்காக மாற்றி எழுதாதே.

மருமகளிடம் வகுப்பைத் தள்ளிப்போடச் சொல்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நிறைய இருக்கிறது, தெரியவில்லை.

தம்பி


மார்ச் 13, வியாழன்

தம்பிக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் எனக்கே வேலை வைக்கிறாய். சின்ன வயசிலேயே நீ அப்படித்தான்.

வாண்டு ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். வீட்டுக்குள் செருப்போடு திரியாதே என்று அன்றைக்குக் காலையில்தான் திட்டியிருந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால்?

பிளக்கைச் சமையலறைக் கத்தி முனையால் திறந்தேன். இரண்டு கம்பிதான் மாட்டியிருக்கிறது. பச்சையைக் கழுத்தோடு வெட்டி, மடித்து, டேப் சுற்றி, அந்த டேப் மேல் வெள்ளை நூலால் இரண்டு முடிச்சு போட்டிருக்கிறது. டேப் சூட்டில் பிசுபிசுத்து அவிழும் என்று மேலே நூல் கட்டுகிற மெக்கானிக் உலகத்தில் ஒருத்தன்தான். அந்த நூலைத் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், இடது கையில் பொத்தான் இல்லை. தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாய். அதுதான் நீ இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தது.

அதற்குப் பதினோராவது வாரம், வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். சன்னலுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் மூச்சு எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, முதலில் சுவர் சுவிட்சை அணைத்தேன். அப்புறம்தான் அவரைத் தொட்டேன். சத்தம் நின்ற பிறகும் மூச்சு கேட்கவில்லை.

டாக்டர் வந்தார். அறுபத்தொரு வயசு, ரத்த அழுத்தம் வேறு, இதயம்தான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அவர் வலது ஆள்காட்டி விரல் நுனியில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தேன், போகவில்லை. ஏழு வருடமாக இதை யாருக்கும் சொன்னதில்லை, பெற்ற மகளுக்குக் கூட.

நீ அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. "எங்கே உன் தம்பி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வண்டி கெடைக்கலையாம்" என்று உனக்காகப் பொய் சொன்னேன். அத்தனை பொய்யும் உன் கணக்கில்தான்.

பச்சைக் கம்பியை ஏன் வெட்டினாய்? அவரைக் கொன்றது இந்தப் பெட்டியா?

அக்கா


மார்ச் 18, செவ்வாய்

அக்காவுக்கு,

வெட்டியது நான்தான்.

அந்தப் பெட்டியில் ஒரு ரீங்காரம் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு எதுதான் ஞாபகம் இருக்காது. டேப் டெக்கிலும் ஒரு பச்சைக் கம்பி, ஆம்ப்ளிஃபயரிலும் ஒரு பச்சைக் கம்பி. இரண்டும் தனித்தனி வழியாக மண்ணுக்குப் போனால் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வரும். அதைப் போக்க முறையான வேலை இருக்கிறது, பெட்டியைத் திறந்து அரை நாள் உட்கார வேண்டும். எனக்கு நாலு மணிக்கு பஸ். அத்தான் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "என்னடா மாப்ளே, பெட்டிக்குள்ள தேனீ வளக்குறியா?" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிளக்கைத் திறந்து பச்சையை வெட்டினேன். ஒரு நிமிஷ வேலை. சத்தம் நின்றுவிட்டது. "இவன்டா மெக்கானிக்!" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

பச்சைக் கம்பியால் பாட்டுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. வருஷக்கணக்கில் சும்மாவே இருக்கும். உள்ளே சுற்றியிருக்கிற கம்பியின் தோல் என்றைக்காவது சூட்டில் வெடித்து, இரும்புப் பெட்டியிலேயே மின்சாரம் ஏறினால், அன்றைக்குத்தான் அதற்கு வேலை. அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகும், ஃப்யூஸ் தெறிக்கும், பெட்டி அணைந்துவிடும். பச்சை இருந்தால் ஃப்யூஸ் போகும். இல்லாவிட்டால் ஆள் போவான். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது. எனக்குத் தெரியாமல் செய்யவில்லை அக்கா. தெரிந்தே செய்தேன், ஒன்றும் ஆகாது என்று.

அன்றைக்கு எனக்குக் காது கேட்கும். போனில் யாரோ, "பாட்டு கேட்டுக்கிட்டே போயிட்டார்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பச்சைக் கம்பி ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் பஸ் ஏறினேன். உன் ஊர் பஸ் நிலையம் வரை வந்தேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறது. ஒரு மணிக்கு அதில் உட்கார்ந்தவன் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். அதன் பிறகு நான் செய்து கொடுத்த பெட்டி இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ப் பிளக்கைத் திறந்து பார்த்தேன். இருபத்தாறு வீடு. உன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

ஆனால் ஒன்று. பச்சையை வெட்டினதால் மட்டும் ஆள் போவதில்லை. மின்சாரம் பெட்டியில் ஏறியிருக்க வேண்டும். கொஞ்சமாகக் கசிந்தாலும் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், அதில் யாரும் சாக மாட்டார்கள். முழுசாக ஏறியிருந்தால்தான் ஆபத்து. அப்போதும் தரை காய்ந்திருந்தால் சில சமயம் உதறித் தள்ளிவிடும். அத்தான் செருப்பு போட்டிருந்தாரா, தரை எப்படி இருந்தது என்றெல்லாம் ஏழு வருஷமாக எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. என் பழைய ஊசி மீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன். குமிழைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பு. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டினால் ஊசி வலது ஓரத்துக்கு ஓடும். ஓடினால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிளக் சுவரில் இருக்கவே கூடாது. பெட்டியின் சொந்த சுவிட்சை மட்டும் போட்டு வை. ஒரு முனையைப் பிளக்கில் சிவப்புக் கம்பி மாட்டிய பின்னில் வை, இன்னொன்றைப் பெட்டி மூடியின் ஸ்க்ரூவில் வை. பெயிண்டைச் சுரண்டிவிட்டு வை. ஊசி இடது பக்கமே நின்றால் வெறும் கசிவு, அத்தானுக்கு இதயம்தான். வலது ஓரத்துக்கு ஓடினால் எனக்கு எழுது.

எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தம்பி


மார்ச் 25, செவ்வாய்

தம்பிக்கு,

பார்சல் வந்தது. மீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல், உன்னுடையதா தபால்காரனுடையதா தெரியவில்லை.

நீ எழுதியபடியே செய்தேன். முனைகளை முட்டினேன், ஓடியது. பெட்டியில் வைத்தேன், ஊசி நகரவில்லை. இடது பக்கமே நின்றது.

ஆக, இதயம்தான். டாக்டர் சொன்னது சரி.

பஸ் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். நாலு மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். அதை நான் மறக்கப் போவதில்லை.

பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடப் போகிறேன். மகளிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 30, ஞாயிறு

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எப்படி எழுதாமல் இருப்பேன்? உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. 'ஊசி நகரவில்லை' என்ற இடத்தில் மை கலங்கிப் போய்விட்டது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பெட்டியை ஏன் போடுகிறாய்? ஊசி நகராத பெட்டி நல்ல பெட்டி. பச்சையை மறுபடி மாட்டிவிட்டால் கசிவும் கடிக்காது, இன்னும் இருபது வருஷம் பாடும். பிள்ளைகள் நிம்மதியாக ஆடட்டும். நான் பறித்ததை நானே திருப்பித் தந்த மாதிரி இருக்கும். மருமகளுக்குத் தனியாக ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன், அவளிடம் கொடு. ஒரு சின்னப் பிள்ளை பார்த்தாலும் மாட்டிவிடலாம். ரீங்காரம் கேட்டால் கேட்கட்டும், அதற்காக எவனும் கத்திரியை எடுக்கக் கூடாது.

மாட்டியதும் முதல் தடவை சுவிட்ச் போடும்போது எல்லோரும் வாசற்படியில் நிற்க வேண்டும். பதினைந்து எண்ணும்வரை பெட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. இது சும்மா வழக்கத்துக்குத்தான். ஆனால் கட்டாயம்.

உன் தம்பி


ஏப்ரல் 5, சனி

தம்பிக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நேற்று நான் மாவு மில்லுக்குப் போயிருந்த நேரத்தில் உன் கடிதம் வந்திருக்கிறது. மகள் பிரித்துவிட்டாள். மாமா எழுதினது, அதுவும் தன் பெயர் போட்ட தாள். படத்தைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் பச்சைக் கம்பியை மாட்டிவிட்டாள். வகுப்புக்குப் பெயர் கொடுத்த மூன்று பிள்ளைகள் வீட்டைப் பார்த்துப் போகலாம் என்று வந்திருந்தார்கள். நான் தெரு திரும்பும்போதே "ரெடியா? பெட்டியப் போடப்போறேன்!" என்று அவள் கேட்பது சன்னல் வழியாகக் காதில் விழுந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வாசலில் வாண்டும் அந்த மூன்று பிள்ளைகளும் வரிசையாக நிற்கிறார்கள், எட்டுக் காலும் வெறுங்கால். மகள் கை சுவர் சுவிட்சில். "வேண்டாம்டீ" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தட்டிவிட்டாள்.

"ஒண்ணு" என்று பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள்.

இரண்டு சொல்லவில்லை. டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, வீடே வாயை மூடிக்கொண்டது. கருகின நாற்றம். யாருக்கும் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள், விளையாட்டு என்று நினைத்து. நான் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தேன். "பாட்டி, ஏன் இங்க ஒக்காந்துட்ட?" என்று வாண்டு என் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஃப்யூஸ் போனது. நீ எழுதியது எனக்கு மனப்பாடம். அதனால் உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

பொய் எழுதினேன். ஊசி வலது ஓரம் வரை ஓடியது. மூன்று தரம் வைத்துப் பார்த்தேன், மூன்று தரமும் ஓடியது.

உன் மேல் இரக்கப்பட்டு எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தரை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய் பார், அதற்குப் பயந்துதான் எழுதினேன். ஊசி ஓடியது என்று எழுதினால் நீ அதை மறுபடி கேட்பாய்.

அந்த வியாழக்கிழமை முன்னறையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தலைவலி. பாட்டுச் சத்தம் மண்டைக்குள் இடித்தது. அவர் நாற்காலியில், கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தரை காயட்டும் என்று காத்திருந்தார். நான்தான் உள்ளேயிருந்து, "சத்தத்தக் கொறைங்களேன்" என்று கத்தினேன். அவர் இறங்கி, ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார். சத்தம் குறையவில்லை. "காது கேக்கலையா ஒங்களுக்கு?" என்று இரண்டாம் தரமும் கத்தினேன். அப்போதும் குறையவில்லை. மூன்றாம் தரம் கத்துவதற்காகத்தான் முன்னறைக்கு வந்தேன்.

ஊரில் எல்லோருடைய தப்பையும் தேதி போட்டு வைத்திருக்கிறவள் நான். இதை மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறவரை எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

என் பொய் அந்தப் பிள்ளைகளை வெறுங்காலோடு அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. நீ மாட்டச் சொன்ன கம்பி காப்பாற்றியது. நீ பதினைந்து எண்ணச் சொல்லாமல் விட்டிருந்தால்கூடக் காப்பாற்றியிருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9, புதன்

அக்காவுக்கு,

மீட்டரை நான் அனுப்பியபோதே ஊசி எந்தப் பக்கம் ஓடும் என்று என் கைக்குத் தெரியும். ஆனாலும் நீ எழுதியதை நம்பினேன். இன்னொரு தரம் வைத்துப் பார் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பயந்துபோயிருக்கிறவன் நல்ல சேதியைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் பாதி என்னுடையது.

தரை ஈரமாக இருந்தது உன் குற்றம் கிடையாது என்று எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவாய். அதனால் எழுதவில்லை. வெட்டியவன் நான். அதில் மட்டும் நீ பங்குக்கு வராதே.

இருபத்திநாலாம் தேதி வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பெட்டியை நானே பிரித்துப் போட வேண்டும், வேறு யார் கையும் படக் கூடாது. என் வீட்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரை மருமகளுக்குக் கொண்டுவருகிறேன். காது இல்லாதவனுக்கு அது எதற்கு. மூன்று கம்பியும் இருக்கிறது. துணியில் சுற்றிக் கட்டிய பிறகு சந்தேகம் வந்து, மறுபடி அவிழ்த்துப் பார்த்துவிட்டேன்.

வருகிறேன் என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்த பஸ் நிலையத்தில் இறங்கியதும் கால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே நிச்சயமில்லை. போன தடவையும் வருவதாக நினைத்துத்தான் ஏறினேன்.

தம்பி


ஏப்ரல் 14, திங்கள்

தம்பிக்கு,

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கத்திரி, என் ஈரத் துணி, அந்தக் கறுப்புப் புள்ளி, எல்லாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் முன்னறையைத் துடைக்கக் குனிந்தபோது என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். துடைத்து முடித்துவிட்டு வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தரை காய்கிறவரை எழுந்திருக்கவே இல்லை. வகுப்பை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டாள்.

மன்னிப்பெல்லாம் யாருக்கும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. நீயும் கொடுக்காதே. இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம். அந்த நீலக் கட்டச் சட்டை இன்னும் இருந்தால் எடுத்து வா. பொத்தான் தைக்க வேண்டும்.

வியாழக்கிழமை நான் பத்து மணிக்கே பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன். நீ இறங்கினால் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். உனக்குக் கேட்காது, நானும் யாரையும் பார்த்துக் கத்துவதை விட்டாயிற்று. கழிப்பறைக்குப் பக்கத்து பெஞ்ச் இன்னும் இருக்கிறதா என்று நேற்று போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஒரு கால் உடைந்து, கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தர்தான் உட்காரலாம்.

அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா